உள்ளே இழுத்த ஆமாம்

மூச்சை உள்ளே இழுத்து ‘ஆமாம்’ சொல்லத் தெரிந்த மனிதனுக்கு மனநோய் வராது. இதைக் கண்டுபிடித்தவன் சிக்ஸ்டன் நூர்பி. ஸ்வீடனின் வடக்கே, கடலோர ஹேர்னோசாண்ட் ஊரில், லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அழுத்தும் அபாய மணிக்குப் பதில் சொல்லும் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே இந்த ஆராய்ச்சியை அவன் முடித்திருந்தான். மருத்துவ உலகம் இன்னும் அவனைத் தொடர்பு கொள்ளவில்லை. அது மருத்துவ உலகத்தின் பிரச்சினை.

வடக்கத்திக்காரர்கள் ‘ஆமாம்’ என்பதைச் சொல்வதில்லை, உறிஞ்சுவார்கள். உதட்டைக் குவித்து, சுடு காப்பியை ஓரத்தில் உறிஞ்சுவது போல ஒரு சின்ன இழுப்பு. ஷுப். அவ்வளவுதான். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டாலும் ஷுப். காலை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டாலும் ஷுப். தெற்கத்திக்காரர்கள் பாவம், ஒவ்வொரு சம்மதத்துக்கும் காற்றை வெளியே விட்டுத் தொலைக்கிறார்கள்.

“உள்ள இருக்கறத எல்லாம் வெளிய விட்டா கடைசில உள்ள என்ன மிஞ்சும்?” என்று காப்பி மேசையில் சிக்ஸ்டன் கேட்பான். “ஒண்ணும் மிஞ்சாது. காலி வீடு. காலி வீட்டுக்குள்ள எது வேணா குடிவரும். எங்க பக்கத்துல வீடு எப்பவும் நிறைஞ்சிருக்கும்.”

“உங்க வீட்டுல நிறைஞ்சிருக்கறது காத்துதானே?” என்பான் யோர்மா. கட்டடத்தைப் பராமரிக்கும் ஃபின்லாந்துக்காரன். ஃபின்லாந்துக்காரன் சொல்வதையெல்லாம் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள முடியாது.

கண்டுபிடிப்புக்கு ஆதாரமும் இருந்தது. ஆதாரத்தின் பெயர் இல்வா. தெற்குக் கோடியில், மால்மோவில் பிறந்து, அதே அலுவலகத்தில் மணிக்குப் பதில் சொல்பவள். ‘ஆமாம்’ என்பதை ‘ஆமா’வுக்கும் ‘அம்மா’வுக்கும் நடுவில் நீட்டி, வாய் நிறையக் காற்றோடு சொல்பவள். கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஜன்னல்களில் காகித நட்சத்திர விளக்குகள் ஏற்றியிருந்த ஒரு காலையில், அவள் தன் லைனை அணைத்துவிட்டுக் காப்பி அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“ஒரு விஷயம் சொல்லணும். எனக்குப் பதற்ற நோய்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மணி அடிச்சா கை நடுங்குது. வீட்டுல படுத்திருந்தாலும் அடிச்சிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு. நான் செவுத்துக்குள்ள போயிட்டேன். கொஞ்ச நாள் வர மாட்டேன். நீங்களா எதையாவது நினைச்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன்.”

சுவருக்குள் போவது என்றால் அங்கே குழந்தைக்கும் தெரியும். வேலை செய்து செய்து ஒருநாள் மனம் நின்றுபோனவரைப் பற்றி அந்த நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். முட்டிக்கொண்டார் என்றோ மோதினார் என்றோ இல்லை. உள்ளே போய்விட்டார். எப்போது வெளியே வருவார் என்று கேட்பது மரியாதை இல்லை.

மேசையில் எல்லோரும் தத்தம் கோப்பைக்குள் பார்த்தார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு மேலே ‘இங்கே எதையும் பேசலாம்’ என்று ஒரு சுவரொட்டி இருந்தது. தீயணைப்பு உருளை மாதிரிதான் அதுவும். இருக்க வேண்டும்; யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. மேலாளர் ரிக்மூர் மட்டும் “சொன்னது நல்லது, இல்வா” என்றாள். அடுத்த வார்த்தை எவ்வளவு தேடியும் கிடைக்காததால் ஏலக்காய் பன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். இல்வா ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சிக்ஸ்டன் காப்பி அறைச் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

“எந்தச் செவுருன்னு சொன்னாளா? தாங்குசுவரா, தடுப்புச் சுவரா? தாங்குசுவரா இருந்தா நாம எல்லாரும் காலி.” மூக்கைச் சுவரில் ஒட்டவைத்து, கைகளை விரித்து, உள்ளே நுழையப் பார்ப்பவன் போல நின்றான். “இல்வா, உள்ள இடம் இருக்கா? கொஞ்சம் நகந்துக்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். ரிக்மூர்கூட, மேலாளர் சிரிக்கலாம் என்ற அளவுக்குச் சிரித்தாள்.

“ஆனா ஒண்ணு,” என்றான் சிக்ஸ்டன், இப்போது முழு அக்கறையோடு. “நோவு வரலாம், தப்பில்ல. அதக் கொண்டாந்து காப்பி மேசைல வைக்கறது இருக்கே, அதுதான் அசிங்கம். பல்லு வலிச்சா பல்லக் கழட்டி எல்லாருக்கும் காட்டுவோமா?”

ஜனவரியில் சிக்ஸ்டன் இல்வாவின் இடத்துக்கு மாறினான். ஜன்னலோரம், ஹீட்டருக்குப் பக்கம், நல்ல இடம். முதுகுக்குப் பின்னால் காப்பி அறைச் சுவரின் மறுபக்கம். அதே மாதம்தான் அந்தச் செய்தியும் வந்தது. லிஃப்ட்டில் மாட்டியவர்கள் லைனில் காத்திருக்கும்போது கேட்கிற பதிவுக் குரலை மாற்றப் போகிறார்கள். தலைமை அலுவலகம் எல்லோருடைய அழைப்புகளையும் கேட்டுப் பார்த்துச் சிக்ஸ்டனின் குரலைத் தேர்ந்தெடுத்திருந்தது.

“உன் குரல்ல ஒரு அமைதி இருக்குன்னு எழுதியிருக்காங்க,” என்றாள் ரிக்மூர். “பிப்ரவரி கடைசில ஸ்டாக்ஹோம் போய்ப் பதிவு பண்ணணும். ‘நான் இங்கதான் இருக்கேன், லைன விட்டுப் போகல.’ அவ்வளவுதான் வசனம்.”

“வடக்குல இருக்கற எல்லா லிஃப்ட்லயுமா?”

“எல்லா லிஃப்ட்லயும்.”

சிக்ஸ்டன் மூச்சை உள்ளே இழுத்தான். தன் ஆராய்ச்சிக்கு அங்கீகாரம் இந்த வழியாக வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

அன்று மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல வெளியே இருட்டிவிட்டது. அழைப்பு எதுவும் இல்லை. சிக்ஸ்டன் கைகளைத் தேய்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், “இன்னைக்குக் கொஞ்சம் குளுரு அதிகமோ?” என்றான்.

ஷுப்.

முதுகுக்குப் பின்னால். திரும்பினான். சுவர். வெள்ளைச் சுவர், அதில் இல்வா விட்டுப்போன நாட்காட்டி. ஹீட்டர் குழாயில் காற்று இருக்கும் என்று நினைத்து அதன் திருகைத் திறந்து மூடினான். கொஞ்சம் தண்ணீர் சொட்டியது. அத்தோடு சரி என்று வேலையைப் பார்த்தான்.

அடுத்த சில நாட்களில் அவனுக்கு ஒன்று புரிந்தது. கேள்வி கேட்டால்தான் ஹீட்டர் உறிஞ்சியது. பதில் ‘ஆமாம்’ என்று இருந்தால்தான் உறிஞ்சியது. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தலையைத் திருப்பாமல், “இன்னைக்குச் செவ்வாய்க்கிழமையா?” என்று கேட்டான். சத்தம் இல்லை. “புதன்?” ஷுப். புதன்கிழமைதான். சுவருக்குக் கிழமை தெரிந்திருந்தது. இதற்கே அவன் எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஆராய்ச்சியாளன் பாதியில் நிறுத்த மாட்டான்.

“இல்வா, நீயா?”

அமைதி. வெகுநேரம்.

“பின்ன யாரு?” என்று சிரித்துவைத்தான். “நானா?”

ஷுப்.

சிக்ஸ்டன் யோர்மாவிடம் போய்ச் சுவருக்குள் எலி இருக்கிறது என்றான்.

யோர்மா வந்து நாட்காட்டியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டான். ஜிப்சம் பலகையில் ஒரு சதுரத்தை அறுத்து எடுத்து விளக்கடித்துப் பார்த்தான். உள்ளே மஞ்சள் பஞ்சும் ஒரு பழைய வயரும். அந்தச் சுவரின் மொத்த கனமே ஒரு சாணுக்குள்தான்.

“எலி இருந்தா புழுக்கை இருக்கணும். ஒண்ணுமில்ல. சத்தம் எப்படி இருந்துச்சு, கீச்சுன்னா?”

“இல்ல. மூச்சு மாதிரி.”

“எலி மூச்சு விடறது உனக்குக் கேட்டுச்சா?” யோர்மா தலையை வெளியே எடுத்து அவனைப் பார்த்தான். பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. “சிக்ஸ்டன், நீ தூங்கறியாப்பா?”

“குழந்தை மாதிரி.”

“எங்க குழந்தை ராத்திரி பூரா முழிச்சிருக்கும்,” என்று சொல்லிவிட்டு யோர்மா சதுரத்தைத் திரும்பப் பொருத்திப் பசை தடவினான். அதற்குப் பிறகு சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

பிப்ரவரியில் இல்வா கால் பங்கு வேலைக்குத் திரும்பினாள். காலையில் கொஞ்ச நேரம், அழைப்புகள் இல்லாத மேசைவேலை. யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அவளிடம் பனியைப் பற்றிப் பேசினார்கள். சிக்ஸ்டன் தன் இடத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னான். ஒருவேளை நிஜமாகவே தந்துவிட நினைத்திருக்கலாம்.

“வேணாம், நீயே வச்சுக்கோ,” என்றாள் இல்வா.

அவன் குரலைத் தாழ்த்தினான். “உள்ள எப்படி இருந்துச்சு?”

“எங்க உள்ள?”

“செவுத்துக்குள்ள.”

இல்வா யோசித்தாள். “குளுரா இருந்துச்சு. ஆனா வெளிய பேசறதெல்லாம் நல்லா கேட்டுச்சு. நகந்துக்கச் சொன்னியே, அதுகூட.”

சிரிக்காமல் சொன்னாள். யாரோ அவளிடம் போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். பிறகு அவளாகவே, போகிறபோக்கில், “உனக்கு முகமெல்லாம் என்னவோ மாதிரி இருக்கு. எல்லாம் சரிதானே?” என்றாள். சிக்ஸ்டன் வாயைத் திறந்தான். மூச்சை இழுக்குமுன் சத்தம் வந்துவிட்டது. இல்வா தலையாட்டிவிட்டுப் போனாள். அவன் உதடு அசையாததை அவள் கவனிக்கவில்லை.

துறைமுகக் கிடங்கு ஒன்றின் லிஃப்ட்டிலிருந்து அந்த மணி அடித்தது அடுத்த வாரம்.

“லிஃப்ட் உதவி, நான் சிக்ஸ்டன் பேசறேன். உன் பேரு என்ன?” என்று கேட்டான். அந்த நாட்டில் அரசரைத் தவிர எல்லோரும் ‘நீ’தான்.

“எவர்ட்.” கனமான குரல். மலை மாதிரி ஆள் என்று குரலிலேயே தெரிந்தது.

“அடி கிடி பட்டுச்சா எவர்ட்?”

“இல்ல. நின்னுடுச்சு. அவ்வளவுதான்.”

“மெக்கானிக் கிளம்பிட்டார். நீ நல்லாதானே இருக்க?”

ஒரு இழுப்பு.

“விளக்கு எரியுதா?”

ஷுப்.

“கொஞ்ச நேரம் தனியாக் காத்திருப்பியா? நான் இன்னொரு லைன் எடுக்கணும்.”

ஷுப்.

ஹெட்போன் அவனுடைய இடது காதில்தான் இருந்தது. வலது காது திறந்திருந்தது. கடைசி ‘ஆமாம்’ எந்தக் காதில் கேட்டது என்று ஒரு கணம் அவனுக்குச் சந்தேகம் வந்தது. மறுபடி கேட்டிருக்கலாம். மறுபடி கேட்டால், ஏன் மறுபடி கேட்கிறாய் என்று தன்னையே கேட்க வேண்டியிருக்கும். எவர்ட்டைக் காத்திருப்பில் போட்டுவிட்டு அடுத்த மணியை எடுத்தான்.

மெக்கானிக் கதவைத் திறந்தபோது எவர்ட் தரையில் கிடந்தான். சட்டைப் பொத்தான்கள் பிய்ந்திருந்தன, உதடு வெளுத்திருந்தது. மாரடைப்பு என்று நினைத்து ஆம்புலன்ஸை அழைத்தார்கள். வந்து பார்த்தவர்கள் இதயத்தில் ஒன்றுமில்லை, பயத்தில் மூச்சு அடைத்திருக்கிறது என்றார்கள்.

“நீ பேசிக்கிட்டுத்தானே இருந்த?” என்று போனில் கேட்டார் மெக்கானிக்.

“நல்லா இருக்கேன்னான். ஆமாம் ஆமாம்னுதான் சொன்னான்.”

ரிக்மூரும் தோளைத் தட்டி, “நம்ம ஊரு ஆமாம்தானே. யாரா இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பாங்க” என்றாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன என்பது ஒன்றுதான் இடைஞ்சல். சிக்ஸ்டன் இரண்டு காதிலும் ஹெட்போனை வைத்துக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டான்.

நீ நல்லாதானே இருக்க? ஒரு நீளமான, கிழிந்த இழுப்பு. ஆமாம் இல்லை அது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருகிறவனின் மூச்சு.

விளக்கு எரியுதா? ஒன்றுமில்லை. லிஃப்ட்டின் மின்விசிறி ஓடும் சத்தம்.

தனியாக் காத்திருப்பியா? ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுக்கு அவனுடைய சொந்தக் குரல், தலைமை அலுவலகம் பாராட்டிய அதே அமைதியோடு, “ரொம்ப நல்லது” என்று பதில் சொன்னது.

அவன் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். எவர்ட்டுக்குப் பதிலாகச் சுவர் சம்மதித்திருந்தது.

அன்று மாலை அவன் போகும்போது பேருந்து ஓட்டுநர், “கடைசி ஸ்டாப்பா?” என்று கேட்டார். பக்கத்தில் சுவர் எதுவும் இல்லை. பேருந்தின் தகரமும் கண்ணாடியும்தான். ஓட்டுநர் பதில் கிடைத்தவர்போல டிக்கெட்டை நீட்டினார். சிக்ஸ்டன் வாய் திறந்திருக்கவில்லை.

மறுநாள் காலை, எல்லோரும் காப்பிக்கு எழுந்த நேரத்தில், அவன் லைன் ஒளிர்ந்தது. அபாய மணி இல்லை. சாதாரண அழைப்பு.

“நேத்து மாட்டுனவன். எவர்ட்.”

“எப்படி இருக்க?”

“நல்லா இருக்கேன். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எங்க கம்பெனிலேருந்து யாராவது கேட்டா, கதவு தொறக்கல, வேற ஒண்ணுமில்லன்னு சொல்லிடு, என்ன? ஆம்புலன்ஸ்காரங்க கிட்டயும் நெஞ்செரிச்சல்னுதான் சொல்லச் சொல்லியிருக்கேன்.”

“ஏன்?”

“நான் கிரேன் ஓட்டறவன்பா. மேல கூண்டுல ஒத்தையா உக்காந்திருப்பேன். லிஃப்ட்ட விடச் சின்னது அது.”

சிக்ஸ்டன் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினான். வலது காதில் எதுவும் இல்லை. “எவர்ட், மேலயும் இப்படி ஆயிருக்கா?”

கடலோரக் காற்று லைனில் அடித்தது. பிறகு இடது காதில், இந்தத் தடவை சந்தேகத்துக்கே இடமில்லாமல், எவர்ட் மூச்சை உள்ளே இழுத்தான்.

“கீழ ஆளுங்க நிப்பாங்களா?”

ஷுப்.

“சொல்லிடு. உங்க ஆளுங்ககிட்ட. உன்ன எறக்கி வேற வேலைல போடட்டும்.”

எவர்ட் சிரித்தான். சிரிப்பு நன்றாக இல்லை. “வாயால சொல்றது சுலபம். இருவது பேரு இருக்காங்க. எனக்குக் கூண்டுல பயமா இருக்குன்னு அவங்க முன்னாடி நின்னு சொல்லணும். காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க. நீயா இருந்தா சொல்லுவியா?”

சிக்ஸ்டனிடம் இதற்குப் பல பதில்கள் இருந்தன. எல்லாமே காப்பி மேசையில் சோதித்துப் பார்த்த, சிரிப்பு வாங்கிய பதில்கள். எதை எடுப்பது என்று அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் அது வந்தது. நிதானமாக, எப்போதையும்விடக் கிட்டத்தில், கழுத்து முடி அசைகிற மாதிரி.

ஷுப்.



“நிஜமாவா?” என்றான் எவர்ட். “சொல்லுவியா?”

அவனுக்கும் கேட்டிருந்தது.

“சரி,” என்றான் எவர்ட். “அப்ப நானும் பாக்கறேன். சாப்பாட்டு நேரத்துல ஃபோர்மேன்கிட்ட பேசறேன். நீ சொன்னேன்னுதான்.” வைத்துவிட்டான்.

சிக்ஸ்டன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அவன் சொல்லாத வாக்கு ஒன்று கம்பி வழியாகத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. திருப்பி அழைத்து, அது நானில்லை, சுவர் என்று சொல்லலாம். சுவர் பேசுகிறது என்று அவனிடம் சொல்வதும் அதையே காப்பி மேசையில் சொல்வதும் ஒன்றுதான் என்று கொஞ்சம் தாமதமாக அவனுக்கு உறைத்தது. லைனின் பச்சை விளக்கை அணைத்தான். அழைப்புகள் வேறு ஊருக்குப் போகட்டும்.

காப்பி அறையில் எல்லோரும் இருந்தார்கள். ரிக்மூர், யோர்மா, இல்வா, மற்றவர்கள். யோர்மா ஒரு மீன்பிடிக் கதையின் நடுவில் இருந்தான். சிக்ஸ்டன் நிற்பதைப் பார்த்து, “வந்துட்டாருப்பா குரல் நாயகன். ஸ்டாக்ஹோமுக்குப் பெட்டி கட்டியாச்சா?” என்றான்.

“நான் போகல,” என்றான் சிக்ஸ்டன். குரல் சின்னதாக வந்தது. அதில் பாராட்டும்படி எதுவும் இல்லை. “எனக்கு ஒரு சத்தம் கேக்குது. செவுத்துக்குள்ளேருந்து. உங்களுக்குக் கேக்காதுன்னு நினைக்கிறேன். நேத்து லிஃப்ட்ல ஒருத்தன் மூச்சு விட முடியாமக் கெடந்தப்ப, அவன் ஆமான்னு சொன்னதா நினைச்சு விட்டுட்டேன். அவன் சொல்லல. பதிவக் கேட்டேன். டாக்டரப் பாக்கணும். அதுவரைக்கும் என்னை லைன்ல உக்காரவைக்காதீங்க.”

கோப்பைகள் அப்படியே நின்றன. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

“இப்பவும் கேக்குதா?” என்றாள் ரிக்மூர்.

அறைக்குள் எங்கேயோ, மெதுவாக, ஒரு மூச்சு உள்ளே போனது. சிக்ஸ்டன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ரிக்மூரின் வாய் மூடியிருந்தது. யோர்மாவின் உதடு கோப்பையில் இருந்தது. ஆனால் இல்வா மட்டும் அவனைப் பார்க்கவில்லை. அவள் தலை மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

“எப்பலேருந்து?” என்று கேட்டாள், அங்கேயே பார்த்தபடி.

சிக்ஸ்டன் அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைமேல் வைத்துக்கொண்டு, ஜனவரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.